காதைத் திருகினேன்... கண் திறந்தது!



நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவரின் வேலை காரணமாக அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துக்கு வந்து ஆறு வருஷமாகிறது. டிபெண்டன்ட் விசாவில் வந்த எனக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. சமையல், துணி, பாத்திரம், ஜன்னல் வழியே வேடிக்கை என்று பொழுது போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா, "ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு டீச்சர் வேணும். சம்பளம் கிடையாது. வர்றியாம்மா?" என்று கேட்டார்.

"நானா? பிள்ளைங்களோட அப்பா அம்மா எல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க ஆச்சே, அக்கா!"

"உனக்குத் தமிழ் தெரியுமில்ல? அது போதும்."

அது போதாது என்பது பிறகுதான் தெரிந்தது!

வகுப்புக்குப் போகும் முன்பே ஒரு வேடிக்கை. குழந்தைகளுக்காக நடக்கும் அமைப்புகளில் தொடர்ந்து உதவி செய்ய வருகிறவர்களின் கைரேகையை எடுத்து விசாரிக்க வேண்டும் என்று இந்த மாநிலத்தில் 2022 முதல் சட்டம். பத்து விரலையும் கண்ணாடி மேல் வைத்து அழுத்தினேன். நம் ஊரில் எழுதத் தெரியாதவர்தான் கைநாட்டு வைப்பார். இங்கே டீச்சர் ஆவதற்கே கைநாட்டு! போனில் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

என் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். எட்டு, ஒன்பது வயசு. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடம் என்பதால் ஒரு பென்சில்கூட இடம் மாறக் கூடாது. வந்தவுடன் நாற்காலிகளை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, போகும்போது அதைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டு வருவேன்.

விடுமுறையைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு குட்டிப் பெண், "பாட்டி வீட்டில் புலிசாதம் சாப்பிட்டேன். பிறகு பல்லிக்கூடம் திறந்தது" என்று எழுதியிருந்தாள். புலியையே சாப்பிட்டவளுக்குப் பல்லி எம்மாத்திரம்! இன்னொருவன் என்னை, "டீச்சர், நீ வா" என்று கூப்பிட்டான். முதலில் சுருக்கென்றது. யோசித்தால், வீட்டில் அவன் காதில் விழுவதே "நீ வா, நீ சாப்பிடு" மட்டும்தான். அதைத்தானே திருப்பிச் சொல்வான்?

இப்படிச் சிரிப்பாகப் போனதில்தான் அந்த ஞாயிறு வந்தது.

ஒன்பது வயசுப் பையன் ஒருவன் 'பம்பரம்' என்று வாசித்துவிட்டு நிறுத்தினான்.

"டீச்சர், ரெண்டும் அதே எழுத்துதானே? சத்தம் ஏன் வேற வேற?"

"அப்படித்தான் சொல்லணும்."

"எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"படிக்கப் படிக்க வரும்."

"பட், ஒய்?"

மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். படிக்காதவள் என்று கேலி செய்கிறானோ என்று எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. நான் படித்த காலத்தில் வாத்தியாரைத் திருப்பிக் கேட்டால் திமிர் என்பார்கள். கை தன்னால் போய் அவன் காதைத் திருகிவிட்டது. அவன் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். வகுப்பே கப்சிப்.

அன்று ராத்திரி வகுப்பை நடத்துகிறவர் போன் செய்தார். "பிள்ளைங்க மேல கை வைக்கவே கூடாதுன்னு பயிற்சியிலேயே சொன்னோமேம்மா" என்றார். பயிற்சி முழுக்க இங்கிலீஷ். பாதி புரிந்தது, மீதிக்குத் தலையாட்டினேன். போலீஸ் வருமோ, கணவரின் விசாவுக்கு ஆபத்து வருமோ என்று தூக்கமே வரவில்லை. "நான் நின்னுடறேங்க" என்று அழுதேன். அவர், "நிக்கிறதுன்னா நில்லு. ஆனா அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிட்டு நில்லு" என்றார்.

அந்த வாரம் முழுக்க அடுப்படியில் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். பல், கல், தலை. முதலில் வந்தால் கெட்டிச் சத்தம். அப்பா, அக்கா, பத்து. இரட்டித்தாலும் கெட்டி. தங்கம், பஞ்சு, நண்டு, தந்தம், தம்பி. முன்னால் ங், ஞ், ண், ந், ம் வந்தால் இளகிவிடுகிறது! வல்லினம், மெல்லினம் என்று மார்க்குக்காக ஒப்பித்தேனே, இதற்குத்தானா! மெல்லினத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வல்லினமும் மென்மையாகிவிடுகிறது. முப்பத்தாறு வயசில் எனக்கு இது தெரிய ஒரு சின்னப் பையன் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவனுடைய அம்மாவும் வந்திருந்தார். எல்லார் முன்னாலும், "கேள்வி கேட்டது தப்பில்லப்பா. நான் செஞ்சதுதான் தப்பு. மன்னிச்சிடு" என்றேன். பிறகு பலகையில் எழுதிப் பதில் சொன்னேன்.

அந்த அம்மா முகம் அதுவரை இறுகித்தான் இருந்தது. போகும்போது தனியாக வந்து, "அவன் முதல்ல என்கிட்டதாங்க கேட்டான். எனக்கும் தெரியலை. 'டீச்சர்கிட்ட கேளு'ன்னு நான்தான் அனுப்பினேன்" என்றார். என் உடம்பு கூனிக் குறுகிவிட்டது. கேலி இல்லை, நம்பி வந்து கேட்ட பிள்ளையின் காதையா திருகினேன்?

பையன் மட்டும் விடவில்லை. "அப்போ 'பஸ்'? முதல்ல வந்தும் கெட்டியா இல்லையே?"

"அது வெளியூர்ல இருந்து வந்த வார்த்தை. நம்ம வீட்டுச் சட்டம் அதுக்குத் தெரியாது."

"உங்களை மாதிரியா, டீச்சர்?"

நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். 'உன்னை' என்று சொல்லாமல் 'உங்களை' என்றானே, அதுவே பெரிசு! நான் நிற்கவில்லை. இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது.

சகோதரிகளே, பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று நம் நாட்டிலும் 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். பிள்ளை "ஏன்?" என்று கேட்டு நமக்குப் பதில் வராவிட்டால், "தெரியலைடா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு ஒரு குறைவும் வராது.

- திருநெல்வேலி வாசகி, கலிபோர்னியா