விலையும் ஒரு சரக்குதான்

தக்காளியைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் ஒன்று மரக்கறிச் சந்தையில் உண்டு: விலைச் செய்தி. விடியற்காலையில் கேட்ட போஞ்சி விலை, நுவரெலியாவிலிருந்து நாலு லொறி கூடுதலாக வந்து இறங்கினால் எட்டு மணிக்கே பழசாகிவிடும். மாத்தளையில் மரக்கறிக் கடையொன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். நாவுலப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டால் நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். "மொதலாளி, தம்புள்ளைல இன்னைக்கு என்னா வெல?" என்பதே முதல் கேள்வி.

அந்தத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை அரசு 1999இல் திறந்தது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் திருகோணமலை போகும் ஏ6 வீதியும் சந்திக்கும் ஊர் அது. மலைநாட்டுக் கரட்டும் லீக்ஸும், எங்கள் மாவட்டத்துப் பெரிய வெங்காயமும் அங்கே கைமாறி நாலா பக்கமும் போகின்றன. அரசு கொடுத்தது இடமும் கடைகளும். எடை, கடன், ஏற்றுகூலி, நம்பிக்கை எல்லாவற்றையும் வியாபாரிகளும் நாட்டாமைகளும் தாங்களாகவே ஒழுங்கு செய்துகொண்டார்கள்.

புத்தாக்கம் என்றால் ஆய்வுகூடம், இயந்திரம், காப்புரிமை என்றே நினைக்கிறோம். புத்தாக்கத்தை அளக்க உலக நாடுகள் பின்பற்றும் ஒஸ்லோ கையேடும் 1992இல் வந்தபோது தொழிற்சாலைகளைத்தான் பார்த்தது. 1997 பதிப்பில் சேவைத்துறை சேர்ந்தது. வேலையை ஒழுங்கு செய்யும் புதிய முறையும் புத்தாக்கமே என்று 2005 பதிப்பு ஏற்றுக்கொண்டது. இலங்கையின் பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் சேவைத்துறைதான். அதற்கு அரசு எப்படிக் கைகொடுக்கலாம் என்பதற்குத் தம்புள்ளையே நல்ல பாடம்.

தம்புள்ளைக்கு மரக்கறி அனுப்பும் விவசாயிகளின் செலவை லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்தது. விதை, உரம், கூலி போக, கொடுக்கல் வாங்கலுக்கான செலவு மட்டும் மொத்தத்தில் சுமார் 15 விழுக்காடு. அதில் பெரும்பகுதி தகவல் தேடி அலைந்த செலவு. இந்தத் தகவல் இடைவெளியை நிரப்பத்தான் 'கொவி ஞான சேவை' என்ற திட்டம் சந்தைக்குள் ஆள் வைத்து விலைகளைத் திரட்டியது. 2009இல் டயலொக் நிறுவனத்தின் 'ட்ரேட்நெட்' அவற்றைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்தது. இதில் அரசின் பங்கு கண்ணில் படாது. ஆனால் தொலைபேசித் துறையைப் போட்டிக்குத் திறந்துவிட்டிராவிட்டால், தோட்டக்காரர் கையில் தொலைபேசி இருந்திருக்காது.

அரசின் கை பளிச்சென்று தெரிந்தது 2011 டிசம்பரில். மூட்டை கட்டி அனுப்புவதால் மரக்கறி நசுங்கி வீணாகிறது, இனிப் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று கட்டளை வந்தது. நோக்கம் சரிதான். ஆனால் கூடை வாங்குவது யார்? வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவரும் கூலி யார் தலையில்? அதே லொறியில் சரக்குக் குறைந்தால் நட்டம் யாருக்கு? பதில் வருவதற்கு முன் சட்டம் வந்துவிட்டது. விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்துக் கிளம்ப, அரசு கட்டளையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. கூடைகளை வாடகைக்கு விட்டுச் சேகரித்துத் திருப்பியனுப்பும் ஒரு சேவையை முதலில் வளர்த்திருந்தால் கட்டளைக்கே அவ்வளவு வேலை இருந்திருக்காது.

2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்திய உதவியோடு கட்டிய 5,000 மெட்ரிக் தொன் குளிர்களஞ்சியம் தம்புள்ளைக்காகத் திறந்துவைக்கப்பட்டது. வெங்காயத்தை விலை விழுந்த அன்றே தள்ளிவிடாமல் வைத்திருக்க இது வழி. ஆனால் கணக்கெழுதுகிறவன் கண்ணுக்குக் கட்டிடத்தைவிட அதன் வாடகைப் புத்தகம்தான் முக்கியம். பத்து மூட்டை கொண்டுவருபவருக்கும் இடம் உண்டா? நாள் வாடகை என்ன? அங்கே கொடுக்கும் ரசீதைக் காட்டினால் வங்கி கடன் தருமா?

சுவர் எழுப்ப ஒருமுறை பணம் ஒதுக்கினால் போதும். விலை திரட்டுபவருக்கும், கூடை திருப்புபவருக்கும், ரசீது எழுதுபவருக்கும் மாதாமாதம் சம்பளம் வேண்டும். சேவைத்துறைக்கு ஆதரவு என்று வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி வந்தால், இந்தச் சம்பளம் அதில் இருக்கிறதா என்றே நான் முதலில் தேடுவேன்.