ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைமீது ஏறுகிறவர், அங்குள்ள ஊர்ப்பெயர்களைக் கேட்டுச் சற்றே வியப்படைவார். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, எடப்புளி நாடு என்று அம்மலையில் ஊர்களெல்லாம் நாடுகளாகவே வழங்கப்பெறுகின்றன. சாமையும் கேழ்வரகும், மிளகும் காப்பியும், பலாவும் வாழையும் விளையும் பூமி அது. இன்று அங்கே விளைபொருளோடு நிலமும் விலை பேசப்படுகிறது. சமவெளியில் வெயில் ஏற ஏற, குளிர்ந்த மலைநிலத்தின்மேல் நகரத்தார் கண் விழுகிறது.

எடப்புளி நாட்டில் நிலத்தரகு செய்து குடும்பம் நடத்தும் ஓர் இளைஞரை நம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். நிலம் விற்க விரும்பும் ஒருவர் அவரை நாடுகிறார். இளைஞரும் தம் கைப்பேசியில் நிலத்தைப் படம் பிடித்து, இணையதளம் ஒன்றில் இலவச விளம்பரம் கொடுக்கிறார். இரண்டு வாரம் ஆகிறது, ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் தொலைபேசி ஒலிக்கிறது. பேசுகிறவர் நிலம் வாங்குபவர் அல்லர். இணையதளத்தின் விற்பனைப் பிரிவு ஊழியர்! "சார், உங்கள் விளம்பரம் எங்கோ பின்னால் கிடக்கிறது. கொஞ்சம் பணம் கட்டினால் முதல் வரிசையில் நிறுத்துகிறோம்" என்கிறார்.

பள்ளி திறக்கும் மாதம். வீட்டில் பணம் இல்லை. மனைவியின் வளையலை அடகு வைத்தால் கட்டணத்தைச் செலுத்திவிடலாம். செலுத்துவதா, வேண்டாமா?

இக்கேள்வி அந்த ஓர் இளைஞருக்கு மட்டும் உரியதன்று. நம் பங்குகளில் படித்து முடித்த பிள்ளைகள் பலர் இன்று நிலம், வீடு, வாடகை என்று தரகுத் தொழிலில் இறங்கியுள்ளனர். அவர்களுடைய பெற்றோரும் மனைவியரும் இதனைச் சிந்தித்துப் பார்ப்பது நலம்.

விலைக்கு வாங்குவது எதனை?

நம் நாட்டில் '99 ஏக்கர்ஸ்' இணையதளம் 2005ஆம் ஆண்டிலும், 'மேஜிக்பிரிக்ஸ்' 2006ஆம் ஆண்டிலும் தோன்றின. தரகரே வேண்டாம் என்பதைத் தன் பெயரிலேயே தாங்கிய 'நோபுரோக்கர்' 2014ஆம் ஆண்டில் வந்தது. இத்தகைய தளங்களில் சாதாரண விளம்பரம் என்றும், கூடுதல் கட்டணம் கட்டிய உயர்நிலை விளம்பரம் என்றும் படிகள் உண்டு. பணம் கட்டியவருடைய விளம்பரம் மேலே வரும், பெரிதாகத் தோன்றும், பலமுறை கண்ணில் படும்.

இது முற்றிலும் புதிய வழக்கமன்று. நாளிதழில் வரி விளம்பரம் கொடுத்தவரும், அதிகப் பணம் கொடுத்துக் கட்டம் கட்டிய விளம்பரம் போட்டவரும் நம்மிடையே இருந்தவர்களே. அன்றும் சரி, இன்றும் சரி, அந்தப் பணத்துக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: பிறர் பார்வை. நிலத்தின் தன்மையோ, பட்டாவின் தெளிவோ, விற்பவரின் நாணயமோ அக்கட்டணத்தால் ஓர் அணுவளவும் உயர்வதில்லை. இதனை முதலில் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பார்வைக்கும் ஓர் எல்லை உண்டு. திருவிழாவில் தேர் வரும்போது முன்னால் அமர்ந்திருப்பவர் நன்றாகப் பார்க்க எழுந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பவரும் எழுகிறார். சிறிது நேரத்தில் எல்லாரும் நிற்கின்றனர். முன்னைவிட ஒருவருக்கும் நன்றாகத் தெரியவில்லை, கால்வலிதான் மிச்சம். ஒரே ஊரின் தரகர் அனைவரும் உயர்நிலைக் கட்டணம் கட்டினாலும் அதே கதைதான். முதல் வரிசையில் எல்லாரும் நிற்க முடியுமா?

இதுபற்றிய ஆய்வு ஒன்றும் இங்கே நினைவுகூரத் தக்கது. அமெரிக்காவின் 'ஈபே' என்ற இணைய வணிக நிறுவனம், தேடுதளங்களில் பணம் கட்டிக் கொடுத்துவந்த விளம்பரங்களைச் சில காலம் நிறுத்திப் பார்த்தது. அதன் முடிவுகளைப் பொருளியல் அறிஞர் மூவர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நிறுவனத்தின் பெயரை அறிந்து தேடி வந்தவர்கள், விளம்பரம் இல்லாதபோதும் ஏறத்தாழ அனைவருமே இலவச வழியாக வந்து சேர்ந்தனர். அவர்களுக்காகச் செலவிட்ட பணம் வீண். ஆனால், அந்நிறுவனத்தை அறியாத புதியவர்களையும், எப்போதாவது வருபவர்களையும் ஈர்ப்பதில் விளம்பரம் பயன்பட்டது.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. நம்மை ஏற்கெனவே அறிந்தவருக்காக விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது வீண். நம்மை அறியவே வழியில்லாத நல்ல வாடிக்கையாளருக்காகக் கட்டுவதில் பொருள் உண்டு. சேந்தமங்கலத்துக்காரர் எடப்புளி நாட்டு நிலத்தைப் பற்றித் தேநீர்க் கடையிலேயே கேட்டறிவார். பெங்களூரில் இருப்பவர் அவ்வாறு அறிய இயலாது.

உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாமும் உட்காருவோம். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவையே.

நிலத்தின் விலை 10 லட்சம் ரூபாய் என்க. நூற்றுக்கு இரண்டு வீதம் தரகு 20,000 ரூபாய். உயர்நிலை விளம்பரத்துக்கு மாதம் 2,000 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்கு 12,000 ரூபாய். வருகிறவர்களை அழைத்துச் சென்று நிலம் காட்டும் எரிபொருள் முதலிய செலவு 5,000 ரூபாய். ஆறு மாதத்தில் ஒரு நிலம் விற்றால் கையில் நிற்பது 3,000 ரூபாய்! ஒன்றும் விற்காவிட்டால் அடகுக் கடை வட்டியும் சேர்ந்து தலைமேல் ஏறும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அந்த ஒரு நிலமும் உறவினர் சொல்லக் கேட்டு வந்தவருக்கே விற்றிருந்தால், விளம்பரத்தின் பயன் சுழியம். ஆகவே, 'விளம்பரம் கொடுத்த பிறகு எத்தனை விற்றது?' என்பது சரியான கேள்வியன்று. 'விளம்பரம் இல்லாவிட்டால் விற்றிராத நிலம் எத்தனை விற்றது?' என்பதே சரியான கேள்வி.

இதனை அறிய ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஒரே நிலத்துக்கு ஒரு மாதம் இலவச விளம்பரமும், மறுமாதம் கட்டண விளம்பரமும் கொடுத்துப் பார்க்கலாம். எத்தனை பேர் பேசினர், அவர்களுள் தரகர்களே எத்தனை பேர், எழுபது வளைவும் ஏறி நேரில் வந்தவர் எத்தனை பேர், பத்திர நகலைக் கேட்டவர் எத்தனை பேர், முன்பணம் கொடுத்தவர் எத்தனை பேர் என்று குறித்து வரவேண்டும். நூறு தொலைபேசி அழைப்பு பெருமைக்குரியதன்று. மலையேறி வந்த மூவரே கணக்கில் சேர்வர்.

இணையதளத்தாருக்கும் தரகருக்கும் நலன் ஒன்றே என்று எண்ணிவிடவும் கூடாது. நிலம் விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் அவர்களுக்குரியது. தரகர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று இத்தளங்கள்மீது இந்தியப் போட்டி ஆணையத்திடம் 2016ஆம் ஆண்டில் முறையிட்டது. ஆணையம் அம்முறையீட்டை ஏற்கவில்லை. தளங்களும் ஒரு வணிகம், தரகும் ஒரு வணிகம். அவரவர் கணக்கை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையிலோ கோவையிலோ, ஒரே வகையான அடுக்குமாடி வீடுகள் நூற்றுக்கணக்கில் உள்ள இடத்தில், ஆவணங்கள் தெளிவாயிருக்க, மாதந்தோறும் பல வீடுகளை முடித்துக் கொடுக்கும் தரகருக்கு இக்கட்டணம் தொழில் முதலீடாக அமையக்கூடும். ஒரே கட்டணம் பல விற்பனைகளின்மேல் பங்கிடப்படுகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று நிலங்களை மட்டும் கையாளும் மலைநாட்டுத் தரகருக்கு அது பாரமாகவே முடியும்.

மலைநிலத்தின் தனித்தன்மை

எடப்புளி நாட்டைப் பொறுத்தவரை, பணக் கணக்கினும் பெரிய கணக்கு ஒன்று உண்டு. கொல்லிமலைக் குடிகளுள் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரள நாட்டார் என்று மயங்க வேண்டாம். மலையில் வாழ்வோர் என்பதே பொருள். அவர்களுடைய நிலம் எல்லாவற்றையும் சந்தைப் பொருளாகக் கருத இயலாது. வன உரிமைச் சட்டம், 2006 வழங்கும் உரிமை வாரிசுகளைச் சேரும். பிறருக்கு விற்கவோ மாற்றவோ அச்சட்டம் இடந்தரவில்லை. அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமாயின், அந்நிபந்தனை கைமாற்றத்தைக் கட்டுப்படுத்தும்.

ஆந்திர மாநிலப் பட்டியல் பகுதிகளில், 1959ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியும் அதன் 1970ஆம் ஆண்டுத் திருத்தமும் பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போகாமல் வேலியாக நிற்கின்றன. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் அடங்கிய பகுதி எதுவும் இல்லை. எனவே அத்தகைய முழுவேலி இங்கே இல்லை. வேலி குறைந்த இடத்தில் மனச்சான்றுக்கு வேலை அதிகம்.

மூதாதையர் விட்டுச்சென்ற திராட்சைத் தோட்டத்தைத் தர மறுத்த நாபோத்தையும், அதன்மேல் ஆசைகொண்ட ஆகாபு அரசனையும் நாம் அறிவோம். பழங்குடி மக்களுக்கு நிலம் வெறும் வணிகப் பண்டமன்று, கடவுளும் முன்னோரும் தந்த கொடை என்ற கருத்தைத் திருத்தந்தை பிரான்சிசும் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் வலியுறுத்தினார். மருத்துவச் செலவுக்காகவோ கடனுக்காகவோ நிலத்தை இழக்கவிருக்கும் ஏழையின் ஒரே காணியை, உயர்நிலை விளம்பரத்தில் ஏற்றி ஊரெல்லாம் பறைசாற்றுவது நமக்குத் தகுமா? அவருக்குக் கூட்டுறவுக் கடனுக்கு வழிகாட்டுவதே சில வேளை சிறந்த உதவியாகும்.

முதற்செலவு எது?

அப்படியானால் தரகர் தம் பணத்தை எதில் செலவிடலாம்? ஆவணத்தில் என்போம். இன்று வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறையின் இணையதளத்திலும், பட்டா விவரங்களை அரசின் இணையச் சேவையிலும் கட்டணமின்றியே பார்வையிடலாம். நிலத்தை அளந்து எல்லை காட்டுவது, மூலப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுவது, நிபந்தனை ஏதும் உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்பது, கட்டடம் எழுப்பும் எண்ணமிருந்தால் மலையிடப் பாதுகாப்பு விதிகளின் கீழ் இசைவு வேண்டுமா என்று அறிவது ஆகியவை முதற்செலவுகள். இவை முடிந்த நிலத்துக்கே விளம்பரம் தகும்.

இதனைப் புறக்கணித்ததன் விளைவைத் தமிழகம் கண்டிருக்கிறது. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9ஆம் நாள் தடை விதித்தது. 2017ஆம் ஆண்டில் வரன்முறைத் திட்டம் வரும்வரை, அத்தகைய மனைகளை வாங்கிய எளிய குடும்பங்கள் விற்கவும் முடியாமல் திகைத்தன. விளம்பரத்தின் பளபளப்பு எந்தப் பத்திரத்தையும் காப்பாற்றவில்லை. நில வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 2016 பதிவுக்குரிய மனைத் திட்டங்களை விற்க உதவும் தரகரும் பதிவு பெற வேண்டும் என்றும், பொய்யான விளம்பரத்துக்கு அவர் துணைபோகலாகாது என்றும் விதிக்கிறது.

நம் ஆலயங்களில் திருமணத்துக்குமுன் மூன்று முறை ஓலை வாசிக்கிறார்களே, அதன் நோக்கம் என்ன? மணமக்களைப் புகழ்வதா? அன்று. தடை ஏதும் அறிந்தவர் முன்வந்து சொல்லட்டும் என்பதே நோக்கம். நல்ல நில விளம்பரமும் அவ்வாறே இருத்தல் வேண்டும். தண்ணீர் இல்லையெனில் இல்லையென்று எழுதுக. வண்டிப்பாதை பிறர் நிலத்தின் வழியாகச் செல்வதாயின் அதனையும் எழுதுக. அவ்வாறு எழுதினால் அழைப்புகள் குறையலாம். ஆனால், அழைக்கிறவர் வீணாக மலையேற மாட்டார். ஒருமுறை ஏமாறாத வாடிக்கையாளர் பத்துப் பேரை அழைத்து வருவார். அதற்கு ஈடான உயர்நிலை விளம்பரம் எந்தத் தளத்திலும் விலைக்கு இல்லை.

எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்து நிலத்தைப் பதினேழு வெள்ளிக் காசுக்கு வாங்கியபோது, சாட்சிகள் முன் பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, முத்திரையிடாத படியையும் சேர்த்து மண்பாண்டத்தில் பாதுகாக்கச் செய்தார். பகைவர் நகரை முற்றுகையிட்டிருந்த காலத்திலும் அவர் ஒழுங்கில் குறை வைக்கவில்லை.

ஆகவே, தம்பி, உன் மனைவியின் வளையல் அவர் கையிலேயே இருக்கட்டும். கடன் வாங்கி விளம்பரத்தை உயர்த்தாதே. ஆவணம் தெளிந்த, விற்கத் தகுந்த, வெளியூரார் நாடக்கூடிய நிலம் ஒன்று உன்னிடம் இருந்து, கையில் உபரிப் பணமும் இருந்தால், ஒரு மாதம் மட்டும் கட்டிப் பார். நோட்டுப் புத்தகம் 'ஆம்' என்றால் தொடர்க. 'இல்லை' என்றால் நிறுத்துக. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர். அளக்கும் கோல் நேராயிருந்தால், தொழிலும் நிலைக்கும். இரவில் தூக்கமும் வரும்.