பேச்சு போனாலும் பாட்டு போகாது!

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று பேச்சு நின்றுவிட்டால், 'ஐயோ, புத்தியே போயிடுச்சே!' என்று கலங்கி விடுகிறோம். அது பெரும்பாலும் தவறு, சகோதரிகளே! தலையில் அடிபட்டோ, பக்கவாதத்தாலோ மூளையின் இடது பக்கம் பழுதானால் சொற்கள் கிடைக்காமல் போகலாம். பெரும்பாலோருக்கு மொழியின் இருப்பிடம் அங்கேதான். அறிவு உள்ளே இருக்கும், வாய்தான் வராது. டாக்டர்கள் இதை 'அஃபேசியா' என்கிறார்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேப்ரியல் கிஃபோர்ட்ஸின் கதையைக் கேளுங்கள். 2011 ஜனவரி 8-ம் தேதி, அரிசோனா மாநிலம் டூசானில், கடை வாசலில் தொகுதி மக்களைச் சந்தித்துக் கொண்டிருந்தார். அங்கே ஒருவன் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். கிஃபோர்ட்ஸின் மூளையின் இடது பக்கத்தைக் குண்டு துளைத்தது. அப்போது வயது 40.

உயிர் பிழைத்தார், பேச்சு வரவில்லை. ஒரு மாதம் கழித்து, காலை உணவு வந்தபோது 'டோஸ்ட்' வேண்டுமென்று கேட்டார். அந்த ஒரு சொல்லே செய்தியாயிற்று! பிறகும், எதைச் சொல்லப் போனாலும் 'சிக்கன்' என்றே வந்து நின்ற நாட்கள் உண்டு. தப்பென்று தெரிந்தும் திருத்த முடியாமல் அழுதிருக்கிறார்.

ஆனால், பேச வராத வார்த்தை பாட்டில் வந்தது! ராகத்துக்கு மூளையின் வலது பக்கமும் துணை நிற்கிறது. பாட்டாக இழுத்துச் சொல்லவைத்துப் பேச்சுக்குக் கொண்டுவரும் முறையை 1973-லேயே பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். கிஃபோர்ட்ஸ் 2012 ஜனவரியில் பதவி விலகினார், பயிற்சியை விடவில்லை. ஆண்டுகள் பல ஆகியும் சொல்லுக்குத் தடுமாறுகிறார். ஆனாலும் மேடை ஏறுகிறார்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

* டி.வி.யை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம், காது கேட்கிறது.

* 'என்ன வேணும்?' என்பதைவிட, 'காபியா, பாலா?' என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள்.

* சொல்லைத் தேடும்போது பொறுத்திருங்கள். உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

* கிழமைகள், எண்கள், பழகிய பக்திப் பாட்டு, தாலாட்டு எல்லாம் சேர்ந்து சொல்லுங்கள்.

* குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசாதீர்கள். அவர் எதிரிலேயே, 'இவருக்கு ஒண்ணும் புரியாது' என்று விருந்தாளியிடம் சொல்லவே சொல்லாதீர்கள்!

* பேச்சு திடீரென்று குழறினால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறகு பேச்சுப் பயிற்சி நிபுணரைக் கேளுங்கள்.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அப்புறம் மெதுவாகும், நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மாமனாரோ, கணவரோ, நாள் முழுக்கப் பாடுபட்டு ஒரு சொல் சொன்னால், அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து கேளுங்கள்.