ஒரே அடி... ஒரு நாணயம்!

பாக்கெட்டில் இருக்கும் நாணயம் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள், நண்பர்களே!

எங்கள் அம்மா பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. சாயங்கால நெரிசலில் சில்லறையைப் பார்த்து எண்ண நேரம் ஏது? விரலால் தடவியே கொடுத்துவிடுவார். ஒருநாள் ராத்திரி கணக்கு உதைத்தது. "ஒத்த ரூவான்னு நெனச்சு ரெண்டு ரூவாயக் குடுத்துட்டேன் போலிருக்குடா. ரெண்டும் கைக்கு ஒண்ணாத்தான் இருக்கு. நீ மிசின் படிப்புதானே படிக்கிற, இத எப்படித்தான் அடிக்கிறாங்க?" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் படிப்பைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

நாணயம் அடிக்கும் முறைக்குக் காயினிங் என்று பெயர். தகட்டில் சாமி படம் எழுப்புகிறார்களே, அது எம்பாசிங். அதில் முன்பக்கம் மேடானால் பின்பக்கம் பள்ளம். தகட்டின் கனம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். காயினிங்கில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் எண். ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. உலோகமே இடம்விட்டு இடம் நகர்ந்து மேட்டை நிரப்புகிறது. அதுவும் சூடாக்காமல், பச்சையாக!

முதலில் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். இதுதான் பிளாங்க். உருட்டிய தகடு இறுகிப்போயிருக்கும் என்பதால் அனீலிங் செய்து இளக்கி, கழுவி, ஓரத்தை லேசாகத் தூக்கிவிடுவார்கள். பிறகு மேலே ஒரு டை, கீழே ஒரு டை, சுற்றிலும் காலர் என்னும் வளையம். ஒரே அடியில் பூ, தலை, ஓரம் மூன்றும் விழுந்துவிடும். ஓரத்தில் வரிவரியாக இருக்கிறதே, அது காலரின் உட்பக்கத்துப் பற்களின் பதிவு. வெள்ளி, தங்க நாணயங்களின் ஓரத்தைச் சுரண்டித் திருடிய காலத்தில், திருட்டைக் காட்டிக்கொடுக்க வந்த வரிகள்.

உலோகத்துக்குத் தப்பிக்க வழியில்லாததால், அதன் வலிமையைப்போல ஐந்தாறு மடங்கு அழுத்தம்கூடத் தேவைப்படும். இதற்கு ஏற்றது நக்கிள் ஜாயின்ட் பிரஸ். மூட்டையைத் தலையில் வைத்துக் குத்தவைத்து எழுந்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் மடங்கியிருக்கும்போது திணறுவார். கால் நேராகும் கடைசிக் கொஞ்ச தூரத்தில் எவ்வளவு பாரமும் தாங்கும். அந்த முழங்கால்தான் இந்த பிரஸ்ஸின் சூட்சுமம்.

இனி என் அசட்டுத்தனம். வொர்க்‌ஷாப்பில் ஃப்ளை பிரஸ்ஸில் அலுமினிய வில்லை அடிக்கும் வாய்ப்பு வந்தது. எண்ணெய் போட்டால் சுலபமாக இறங்கும் என்று தாராளமாகத் தடவினேன். வந்த எழுத்தெல்லாம் மழுங்கல்! சார் சிரித்துவிட்டார். "எண்ணெய் எங்கடா போகும்? நாலு பக்கமும் அடைச்சிருக்கே!" எண்ணெய் அமுங்காது. டையின் நுண்ணிய பள்ளத்தில் அது உட்கார்ந்துகொண்டால் உலோகத்துக்கு அங்கே இடமில்லை. மற்ற வேலைகளில் தோழனாக இருப்பது இங்கே எதிரி. புத்தகத்தில் ஒரே வரியாக இருந்ததை, நான்கு வில்லை கெட்ட பிறகுதான் புரிந்துகொண்டேன்.

சரி, அம்மாவின் புகார்? அதில் நியாயம் இருக்கிறது. 1992 முதல் வந்த ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் விட்டம், 4.85 கிராம், ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் அதே விட்டம், அதே எடை, அதே உலோகம்! டையை மாற்றினால் கண்ணுக்கு வேறு நாணயம். அளவு மாறாவிட்டால் விரலுக்குப் பழைய நாணயம்தான். 2019-ல் பார்வையற்றோரையும் மனதில் வைத்துப் புது வரிசை வந்தது. அதில் இரண்டு ரூபாய் 23 மில்லிமீட்டர். இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். காலர் வட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டமா என்ன?

இருபது ரூபாயை அம்மா கையில் வைத்தேன். பார்க்காமலே சொல்லிவிட்டார். ஆனால் பழசெல்லாம் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது. சந்தேகமானதைத் தனி டப்பாவில் போட்டுவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொட்டிப் பிரிப்பது என் வேலை.