சம்மதம் பட்டனைத் தட்டும் முன்...



கடன் மனுவில் கையெழுத்துப் போடும்போது நாம் என்ன சொல்கிறோம்? "எங்க போடணும்னு காட்டுங்க, போட்டுடறேன்" என்கிறோம். பொடி எழுத்தில் உள்ள நாலு பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. செல்போனிலும் இதே கதைதான். எதை இறக்கினாலும் 'சம்மதம்' என்று ஒரு பட்டன் வரும். தட்டி விடுகிறோம்.

ஆனால் ஒரு முறை, தட்டுவதற்கு முன் சிலர் படித்துப் பார்த்தார்கள். அதனால் உலகம் பூராவும் ஒரு நிபந்தனையே மாறியது. அந்தச் சம்பவத்தைத் தெரிந்துகொள்வோம்.

பிரவுசர் என்றால் என்ன?

கரண்டு பில் கட்டவும், பிள்ளைகளின் தேர்வு முடிவு பார்க்கவும் இன்டர்நெட்டுக்குப் போகிறோம் அல்லவா? அந்தப் பக்கங்களைத் திறந்து காட்டும் சாஃப்ட்வேர்தான் பிரவுசர். இன்டர்நெட் ஒரு சந்தை என்றால், நம்மை அங்கே கூட்டிப் போகும் வண்டி பிரவுசர்.

2008-ல் நடந்தது என்ன?

2008 செப்டம்பர் 2-ம் தேதி கூகுள் கம்பெனி 'குரோம்' என்ற புதிய பிரவுசரை வெளியிட்டது. முதல் நாளிலேயே 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் கிடைத்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க, ஸ்காட் மெக்கிளவுட் என்ற ஓவியர் வரைந்த படக்கதைப் புத்தகமும் தயாரானது.

பயன்படுத்திப் பார்த்தவர்கள் பலர் பாராட்டினார்கள். பக்கங்கள் வேகமாகத் திறந்தன. நாலு பக்கம் திறந்திருக்கும்போது ஒன்று சிக்கிக்கொண்டால், மற்றவையும் சேர்ந்து படுத்துவிடாமல் இருக்கத் தனித்தனியாக இயங்கும்படி செய்திருந்தார்கள். குறையும் சொன்னார்கள். முதலில் அது விண்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடியது. "எங்களுக்கு எப்போ?" என்று மற்ற கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் கேட்டார்கள்.

ஆனால் பெரிய எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. சிலர் ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தார்கள். அதில் 11-வது பிரிவு இடித்தது. இந்தப் பிரவுசர் வழியாக நீங்கள் எழுதுவதையும் பதிவதையும் கூகுள் உலகம் முழுவதும், காசு தராமல், திரும்பப் பெற முடியாதபடி பயன்படுத்த அனுமதி தருகிறீர்கள் என்ற பொருளில் அது இருந்தது. "நாங்க எழுதுற கடிதத்துக்கும் கதைக்கும் வண்டிக்காரன் எப்படிப் பங்கு கேட்கலாம்?" என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயம்தானே!

செய்தி வேகமாகப் பரவியது. கூகுளும் பதில் சொன்னது. தன் மற்ற சேவைகளுக்கு எழுதிய பொது நிபந்தனையை அப்படியே இதிலும் சேர்த்துவிட்டதாக விளக்கியது. வெளியான மறுநாளே அந்தப் பிரிவு மாற்றப்பட்டது. எழுதியவருக்கே உரிமை என்று திருத்தினார்கள். ஏற்கனவே சம்மதம் கொடுத்தவர்களுக்கும் இந்தத் திருத்தம் பொருந்தும் என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். எல்லாரும் படிக்கவில்லை. சிலர் படித்தார்கள், மற்றவர்களுக்குச் சொன்னார்கள், பலர் சேர்ந்து கேட்டார்கள். பெரிய கம்பெனியே ஒரே நாளில் இறங்கி வந்தது. குழுவின் பலம் என்று நாம் சொல்வதும் இதுதானே?

நமக்கு இதில் என்ன?

இன்று கடன் கொடுக்கும் ஆப்களும் போனுக்குள் வந்துவிட்டன. அங்கேயும் 'சம்மதம்' பட்டன் இருக்கிறது. ஆனால் நம் பக்கம் சட்டமும் இருக்கிறது. 2022-ல் ரிசர்வ் வங்கி விதித்தபடி, கடன் ஆப் எதுவும் நம் போனில் உள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் எடுத்துப் பார்க்கக் கூடாது. 2024-ல் இன்னொரு உத்தரவும் வந்தது. வங்கியோ நிதி நிறுவனமோ நமக்குக் கடன் தரும் முன், வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். அது நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அதை விளக்கியும் சொல்ல வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, மூன்று விஷயங்களை மனசுல வச்சுக்குவோம்.

ஒன்று: படிக்காமல் தட்டவும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்போம்.

இரண்டு: புரியாததைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். "அவசரம், சீக்கிரம் போடுங்க" என்று விரட்டினால் அங்கேதான் நிதானம் வேண்டும்.

மூன்று: ஒருவருக்குத் தெரிந்த குறையைக் குழுவில் சொல்வோம். தனியாகக் கேட்டால் காதில் விழாதது, இருபது பேர் சேர்ந்து கேட்டால் விழும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு வேலை செய்வோமா? யாராவது ஒருவர் வாங்கிய கடனின் தாளைக் கொண்டு வரட்டும். ஒரு சகோதரி சத்தமாகப் படிக்கட்டும். புரியாத வரிகளைத் தீர்மான நோட்டில் எழுதி, வங்கிக்குப் போகும்போது கேட்டு வருவோம். பட்டனைத் தட்டுவது ஒரு நொடி வேலைதான். அதற்கு முன் பத்து நிமிடம் நமக்காக ஒதுக்குவோம்!