கட்டுமானப் பொருட்களின் வரவுச் சோதனை

கட்டுமானப் பொருட்களின் வரவுச் சோதனை என்பது, கட்டடம் எழும் இடத்துக்கு வந்து சேரும் மணல், செங்கல், கம்பி, சிமெண்ட் முதலியவற்றின் அளவையும் தரத்தையும் இறக்குவதற்கு முன்போ இறக்கும்போதோ சரிபார்ப்பதாகும். கலவையில் சேர்ந்துவிட்ட மணலையோ காங்கிரீட்டுக்குள் மறைந்துவிட்ட கம்பியையோ பின்னர் திருப்பி அனுப்ப இயலாது. எனவே வீடு கட்டுவோர் குறையைக் கண்டு மறுப்பதற்கு இதுவே ஏற்ற தருணம்.

பின்னணி

காவிரிப் படுகை வண்டல் நிலம். கல் குவாரிகளுக்கு இங்கு இடமில்லை. தஞ்சாவூர்ப் பகுதிக்கான ஜல்லியும் எம்-சாண்டும் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களிலிருந்து லாரியில் வருகின்றன. தொலைவிலிருந்து வரும் பொருளுக்கு, வாங்குபவர் தம் கையில் ஓர் அளவை வைத்திருப்பது அவசியம். இவ்வழக்கம் தஞ்சைக்குப் புதிதன்று. பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் கல்லும், நெல்லை அளக்க அதே பெயருடைய மரக்காலும் பயன்பட்டதைக் குறிப்பிடுகின்றன.

மணல்

மணல் ‘யூனிட்’ கணக்கில் விற்கப்படுகிறது. 1 யூனிட் 100 கன அடி. லாரித் தொட்டியின் நீளம், அகலம், மணலின் சராசரி உயரம் ஆகியவற்றை நாடாவால் அளந்து பெருக்கினால் கன அளவு கிடைக்கும். ஆனால் ஈர மணல் உப்பி நிற்கும். வாளியில் 20 செ.மீ. உயரத்துக்கு ஈர மணலை நிரப்பி, பின் நீரில் முழுதும் நனைத்துக் கிளறினால் அது 16 செ.மீ. உயரத்துக்குப் படிவதாகக் கொள்வோம். அப்போது உப்பல் 25 விழுக்காடு. அளவில் 300 கன அடியாகத் தெரிந்த அந்த மணலின் உண்மை அளவு 240 கன அடியே.

வண்டலின் அளவை அறிய, கண்ணாடிக் குவளையில் மணலையும் உப்பு கலந்த நீரையும் இட்டுக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வைக்கலாம். மேலே படியும் வண்டலின் உயரம் மணலின் உயரத்தில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை விதி. ஜல்லி உடைக்கும்போது சேரும் கிரஷர் தூசி எம்-சாண்ட் ஆகாது.

செங்கல்

நன்கு வெந்த இரு செங்கற்களை மோதினால் கணீரென ஒலிக்கும். நகத்தால் கீறினால் தடம் விழாது. உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். ஐ.எஸ். 1077 தரநிலைப்படி, சாதாரண வகைக் கற்களில் எடைக் கூடுதல் 20 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது.

கம்பி

முறுக்குக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கப்படுத்தி 162 ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு இது 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும். இந்த விட்டத்துக்கு ஐ.எஸ். 1786 அனுமதிக்கும் வேறுபாடு 5 விழுக்காடு. எடை அதற்கும் கீழே இறங்கினால், கம்பி சொல்லப்பட்ட விட்டத்தைவிட மெலிந்தது என்று பொருள்.

சிமெண்ட்

மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, உரிம எண், தயாரிப்புக் காலம், 50 கிலோ எடை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிமெண்டை மறுசோதனையின்றிப் பயன்படுத்தக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிமெண்ட் விரைவில் கட்டிதட்டும். ஆகவே மூட்டைகளைத் தரையையும் சுவரையும் தொடாமல் பலகைமேல், பத்து வரிசைக்கு மிகாமல் அடுக்க வேண்டும்.

நீர்

நாகப்பட்டினம் கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. குளோரைடு கம்பியை அரிப்பதால், கம்பியிட்ட காங்கிரீட்டுக்கான நீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது என ஐ.எஸ். 456 வரையறுக்கிறது. டேங்கர் லாரியில் வாங்கும் நீரையும் ஆய்வகத்தில் சோதிப்பது நல்லது.

பதிவு

வண்டி எண், நாள், அளவு, கண்ட குறை ஆகியவற்றைச் சலானிலேயே எழுதி, ஓட்டுநரின் கையொப்பம் பெற வேண்டும். மணல், ஜல்லி வண்டிகளில் நடைச்சீட்டையும் பார்க்க வேண்டும். குறை எதுவும் குறிக்காமல் சலானில் கையெழுத்திட்டு வாங்கிய பொருளுக்குப் பின்னர் முறையிட்டால், குறை வரும்போதே இருந்தது என நிறுவுவது கடினம்.