சேலை கட்டினால் போதுமா? வெளிநாட்டில் தன்னார்வப் பணிக்குப் போவோருக்கு டோனாவூர் சொல்லும் பாடம்

வெளிநாட்டில் ஆறு மாதம் தன்னார்வப் பணி. விசா வந்தாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. 'அங்கே போய் அவங்கள்ல ஒருத்தரா மாறிடணும்' என்பதுதான் பலரின் ஆசை. அது நடக்கிற காரியமா? வெளிநாட்டிலிருந்து நெல்லைச் சீமைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட ஒரு பெண்ணின் கதை இதற்குப் பதில் சொல்கிறது.

யார் அவர்?

ஏமி கார்மைக்கேல். 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். கிறிஸ்தவ மிஷனரியாக 1893-ல் ஜப்பானுக்கும், 1895-ல் இந்தியாவுக்கும் வந்தார். தாமிரபரணிப் பாசனப் பகுதியான பண்ணைவிளையில் சில ஆண்டுகள். பிறகு களக்காடு அருகே டோனாவூர். 1951 ஜனவரி 18-ல் அங்கேயே இறக்கும்வரை, சுமார் 55 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் சொந்த நாடு திரும்பவில்லை.

உடையை ஏன் மாற்றினார்?

ஜப்பானில் நோயுற்ற மூதாட்டி ஒருவரைப் பார்க்கப் போனபோது, அவர் பேச்சைக் கவனிக்காமல் ஏமியின் கையுறையையே பார்த்தாராம். அதன்பின் ஏமி கிமோனோ அணியத் தொடங்கினார். நெல்லையில் சேலை. எதிரில் இருப்பவரின் கவனம் சிதறக் கூடாது என்பதே நோக்கம்.

ஆனால் இன்னொரு கதையும் உண்டு. கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்படும் சிறுமிகளின் நிலையை அறிய, கைகளில் காப்பிக் கறை பூசி, உள்ளூர்ப் பெண்போல அவர் போனதாகச் சொல்வார்கள். இது வேறு. மற்றவர் தயங்காமல் பேசுவதற்காக உடை மாற்றுவது மரியாதை. யாரென்று தெரியாமல் உள்ளே நுழைவது வேஷம். சிறுமிகளைக் காக்கவே அப்படிச் செய்தார் என்பார்கள் ஒரு சாரார். நம்பிக்கையை மீறியது என்பார்கள் மறுசாரார்.

ஊர் ஏற்றுக்கொண்டதா?

உடனே இல்லை. 1901-ல் கோயில் வீட்டிலிருந்து தப்பி வந்த ஏழு வயதுச் சிறுமி அவரிடம் அடைக்கலமானாள். அடுத்தடுத்துக் குழந்தைகள் வர, 'பிள்ளை பிடிக்கிற அம்மா' என்ற பேச்சு கிளம்பியது. வழக்குகளும் வந்தன. மதம் மாற்றிவிடுவாரோ என்ற பயம் ஒருபக்கம், குடும்பங்களின் கோபம் மறுபக்கம். சேலையால் இதையெல்லாம் தீர்க்க முடியவில்லை.

அப்போ எது உதவியது?

முதலில் மொழி. தமிழை ஆசிரியரிடம் முறையாகக் கற்றார். அடுத்து உள்ளூர்த் துணை. பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்கள்தான் ஊர் வழக்கம் தெரிந்து குழந்தைகளை வளர்த்தார்கள். மூன்றாவது, கிளம்பிப் போகாமல் இருந்தது. குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானபோதும் அவர் அங்கேயே இருந்தார்.

ஒன்றைக் கவனிக்கணும். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டம் போட்டுத் தடுத்தது 1947-ல். அதற்காக 1920-களிலிருந்தே போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. வெளியிலிருந்து வந்தவரால் குழந்தைகளுக்கு அடைக்கலம் தர முடிந்தது. சட்டத்தை மாற்றும் போராட்டத்தை இந்த மண்ணின் பெண்தான் முன்னெடுத்தார்.

நீங்க போறீங்கன்னா?

• உடை விஷயத்தில் அங்குள்ள சக பணியாளரிடம் கேளுங்கள். திருவிழா உடையைத் தினமும் போட்டால் அது வேஷமாகத்தான் தெரியும்.

• கிளம்பும் முன்பே மொழி படிக்கத் தொடங்குங்கள். தப்பாப் பேசினாலும் பரவாயில்லை.

• யார், எதற்கு வந்திருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை மறைக்காதீர்கள். குழந்தைகளோடு வேலை என்றால் இது ரொம்ப முக்கியம். ஆறு மாதத்தில் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். பழகிய குழந்தை அங்கேயேதான் இருக்கும்.

• முடிவெடுக்கும் இடத்தில் உள்ளூர்க்காரர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், போகலாமா என்று இன்னொரு முறை யோசியுங்கள்.